மானசரோவருக்குத் தெற்கே காணாமல்போன ஆண்டுகள்

கயிலை யாத்திரை போகிறவர்கள் மானசரோவர் ஏரிக்கரையில் நின்று வடக்கே பார்த்துக் கும்பிடுவார்கள். அப்படியே திரும்பித் தெற்கே பார்த்தால் அங்கேயும் ஒரு மலை நிற்கும். கயிலையைவிட ஆயிரம் மீட்டர் கூடுதல் உயரம். ஆனால் கும்பிட ஆளில்லை. இந்தியப் பக்கத்தில் அதற்கு குர்லா மாந்தாதா என்று பெயர். திபெத்தியர் நைமோனாநீ என்பார்கள்.

2006-ல் ஓர் ஆய்வுக் குழு அந்த மலையில் ஏறியது. ஏறக்குறைய 6,050 மீட்டர் உயரத்தில், பனியாற்றின் தலைமாட்டில் துளை போட்டு, நம்மூரில் போர் போடுகிறவர்கள் மண்ணை வெளியே எடுப்பதுபோல, உருளை உருளையாகப் பனிக்கட்டியை எடுத்தது. அந்தப் பனித்தண்டு அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் உள்ள கொலம்பஸ் நகரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. ஆய்வகத்தில் அவர்கள் தேடியவற்றில் முக்கியமானது அணுகுண்டுத் தூசி. அது இல்லை. எவ்வளவு தேடியும் இல்லை.

மனிதன் கால் அரிதாகவே படும் மலையில் அணுகுண்டுத் தூசி இல்லையென்றால் நல்லதுதானே என்று தோன்றும். விஷயம் நேர்மாறு. 1950-களின் தொடக்கத்தில் அமெரிக்கா பசிபிக் தீவுகளிலும், 1962 வாக்கில் சோவியத் நாடு வடதுருவப் பகுதியிலும் திறந்தவெளியில் ஹைட்ரஜன் குண்டுகளை வெடித்துப் பார்த்தன. அந்தக் கதிரியக்கத் தூசி வளிமண்டலத்தின் மேலடுக்குவரை போய், உலகம் முழுக்கப் பரவி, மழையோடும் பனியோடும் கீழே இறங்கியது. கிரீன்லாந்திலும் திபெத்திலும் ஆண்டீஸ் மலையிலும் அந்த ஆண்டுகளில் விழுந்த பனியில் அதன் கோடு இருக்கிறது. பனி ஆய்வாளர்களுக்கு அது அஞ்சல் முத்திரை மாதிரி. அந்தக் கோட்டைப் பிடித்துவிட்டால் மற்ற ஆண்டுகளை மேலும் கீழும் எண்ணிக்கொண்டே போகலாம்.

நைமோனாநீயில் அந்த முத்திரை இரண்டுமே காணோம். அதற்கு ஒரே ஒரு விளக்கம்தான் உண்டு. குண்டு வெடித்த காலத்தில் அங்கே விழுந்த பனி இப்போது அங்கே இல்லை. 1940-களுக்குப் பிறகு விழுந்த பனி தங்கவே இல்லை. மேலிருந்து உருகிப் போய்விட்டது. 2008-ல் இதை அந்தக் குழு வெளியிட்டது.

பனியாறு உருகுகிறது என்றால் பத்திரிகைகள் அதன் அடிவாரத்தைத்தான் படம் பிடித்துப் போடும்: முன்பு இங்கே வரை இருந்தது, இப்போது அங்கே போய்விட்டது என்று. ஆனால் பனியாறு என்பது ஒரு வரவு செலவுக் கணக்கு. உச்சியில் பனி விழுந்து சேர்வது வரவு. அது அழுந்திக் கட்டியாகி, மெதுவாக நகர்ந்து கீழே வந்து உருகுவது செலவு. செலவு கூடினால் நுனி பின்வாங்கும். வரவு இருக்கிறவரை ஏதோ சமாளிக்கலாம். நைமோனாநீயில் கண்டது வேறு. அங்கே அறுபது ஆண்டுகளாகப் பெட்டியில் ஒரு காசும் தங்கவில்லை; முதலை எடுத்தே செலவு நடக்கிறது. அடிவாரத்தில் நின்று பார்த்தால் இது தெரியாது. மேலே ஏறித் துளை போட்டவருக்குத்தான் தெரியும்.

துளை போட்ட குழுவின் தலைவர் லானி தாம்சன், ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் புவியியல் அறிஞர். உலகத்தில் மிக உயரமான இடங்களில் மிக அதிக நாட்களைக் கழித்த விஞ்ஞானி என்று அவரைச் சொல்வார்கள். அவரோ பனி ஆய்வுக்கு வர நினைத்தவரே இல்லை.

1948-ல் பிறந்த தாம்சன், மேற்கு வர்ஜீனியாவில் காஸவே என்ற சிற்றூரில் வசதி குறைந்த ஒரு பண்ணைக் குடும்பத்தில் வளர்ந்தார். அது நிலக்கரி மாநிலம். புவியியல் படித்தவனுக்கு அங்கே நிலக்கரிதான் சோறு. அதற்காகத்தான் அவர் ஒஹையோவுக்கு மேற்படிப்புக்குப் போனார். அங்கே கிடைத்த உதவித்தொகை வேலையோ துருவப் பனித்தண்டுகளை ஆராய்வது. நிலக்கரியைத் தேடிப் போனவர், நிலக்கரிப் புகை என்ன செய்கிறது என்று அளப்பதில் வாழ்நாளைக் கழித்தார். இதைக் கதையில் எழுதினால் ஆசிரியர் வலிந்து செய்கிறார் என்று வாசகர் முகம் சுளிப்பார்.

அப்போது பனித்தண்டு ஆய்வென்றால் கிரீன்லாந்தும் அண்டார்டிகாவும்தான். அங்கே பனி கிலோமீட்டர் கணக்கில் தடித்துக் கிடக்கிறது, விமானம் இறங்குகிறது, குளிர் மாறுவதில்லை. வெப்பமண்டல மலைகளின் உச்சியில் இருக்கும் பனி கொஞ்சம். அதுவும் வெயிலில் உருகி உருகிக் குழம்பியிருக்கும், அதைத் தோண்டி என்ன பயன் என்பதே பொதுவான எண்ணம். அதே பல்கலைக்கழகத்தில் இருந்த ஜான் மெர்சருக்கு மட்டும் வேறு எண்ணம். இந்த மெர்சர்தான் 1978-லேயே, கரியமில வாயு பெருகினால் மேற்கு அண்டார்டிகாவின் பனிவிரிப்பு சரியக்கூடும் என்று எச்சரித்தவர். அன்று பலரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பெரு நாட்டின் தென்பகுதியில் கெல்காயா என்ற பனிமுடி இருப்பதை மெர்சர் தாம்சனுக்கு விமானப் படங்களில் காட்டினார். 1974-ல் இருவரும் அங்கே போனார்கள்.

5,670 மீட்டர் உயரத்தில், ஒரு மேட்டுநிலத்தின் மேல் தொப்பி கவிழ்த்ததுபோல் கிடந்தது கெல்காயா. அதன் விளிம்பில் பனி செங்குத்துச் சுவராக வெட்டுண்டு நிற்கும். அந்தச் சுவரில் வெள்ளை, பழுப்பு, வெள்ளை, பழுப்பு என்று அடுக்கு அடுக்காகக் கோடுகள். ஆண்டீஸில் மழைக்காலமும் வறண்ட காலமும் தெளிவாகப் பிரிந்தவை. மழைக்காலத்தில் பனி கொட்டும். வறண்ட மாதங்களில் மேட்டுநிலத்தின் புழுதி பறந்து வந்து அதன்மேல் படியும். ஒரு வெள்ளை, ஒரு பழுப்பு சேர்ந்தால் ஓர் ஆண்டு. குழம்பிப் போயிருக்கும் என்று சொல்லப்பட்ட பனி, கண்ணாலேயே எண்ணக்கூடிய கணக்குப் புத்தகமாக நின்றது.

எண்ணுவதற்கு அதை வெளியே எடுக்க வேண்டுமே! பனித்தண்டு ஆய்வின் முன்னோடியான டென்மார்க் அறிஞர் வில்லி டான்ஸ்கார்டே அந்த உயரத்தில் மனிதர் நின்று துளையிட முடியாது என்று கருதினார். 1979-ல் பெரு நாட்டு ஹெலிகாப்டரில் துளைக்கருவியை ஏற்றிப் பார்த்தார்கள். காற்று மெலிந்த உயரத்தில் அந்தக் கனத்தோடு ஹெலிகாப்டரால் நிலைகொள்ள முடியவில்லை, திரும்பிவிட்டது. அதற்குப் பிறகு புரூஸ் கோசி என்ற பொறியாளர் யோசனையையே மாற்றினார். டீசல் இயந்திரம் வேண்டாம். பிரித்துச் சுமந்து போகிற மாதிரி இலகுவான கருவி, அதை ஓட்டச் சூரியத் தகடுகள். சூரிய மின்சாரம் விளையாட்டுச் சாமானாகப் பார்க்கப்பட்ட 1983-ல், அந்தக் கருவி கெல்காயாவின் அடிப்பாறைவரை இரண்டு துளைகளைப் போட்டது. ஆழமானது 163 மீட்டருக்கும் கொஞ்சம் கூடுதல்.

எடுத்த பனியை உறைந்த நிலையிலேயே ஊருக்குக் கொண்டுபோக வழியில்லை. துண்டு துண்டாக வெட்டி, அங்கேயே உருக்கி, ஆயிரக்கணக்கான புட்டிகளில் அடைத்து, மெழுகு வைத்து மூடி எடுத்து வந்தார்கள். அந்தத் தண்ணீரில் 1,500 ஆண்டு மழைக் கணக்கு இருந்தது.

தண்ணீரில் கணக்கு எப்படி இருக்கும்? ஆக்சிஜன் அணுக்களில் பெரும்பாலானவை எடை 16. ஆயிரத்துக்கு இரண்டு மட்டும் எடை 18. கனமான ஆக்சிஜன் உள்ள நீர் ஆவியாகத் தயங்கும், மழையாக முந்திக்கொண்டு விழும். மேகம் நெடுந்தூரம் வந்து, குளிர்ந்து குளிர்ந்து பொழிந்துகொண்டே மலை உச்சியை எட்டும்போது அதில் கனமானது குறைந்திருக்கும். குளிர் கூடினால் இன்னும் குறையும். ஆகவே ஒவ்வோர் அடுக்கிலும் இரண்டு ஆக்சிஜன்களின் விகிதத்தை அளந்தால் அந்தக் காலத்து வானிலையின் சாயல் கிடைக்கும். துருவங்களில் இது ஏறக்குறைய வெப்பமானியேதான். வெப்பமண்டலத்தில் அவ்வளவு நேரடியாக இல்லை. மழையின் அளவும் இதே விகிதத்தை மாற்றும். தாம்சன் வெப்பநிலைக்கு அழுத்தம் கொடுப்பார். மழைதான் பெரிய பங்கு என்று வாதிடும் அறிஞர்களும் உண்டு. இந்த வழக்கு இன்னும் முடிந்தபாடில்லை.

புழுதிக்கும் சாம்பலுக்கும் அப்படி வழக்கு கிடையாது. 1600-ஆம் ஆண்டு பிப்ரவரியில் தென்பெருவில் வெடித்த ஹுவாய்னாபுட்டினா எரிமலையின் சாம்பல் கெல்காயாவில் அதற்குரிய அடுக்கில் கிடக்கிறது. 2003-ல் தாம்சன் மீண்டும் போய், இந்த முறை பனியை உறைந்த நிலையிலேயே கொண்டுவந்தார். கணக்கு 1,800 ஆண்டுகளாக நீண்டது. அந்தத் தண்டில் பதினாறாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஈயம் போன்ற உலோகங்களின் அளவு திடுமென ஏறுகிறது. அங்கிருந்து 800 கிலோமீட்டர் தள்ளி, இன்றைய பொலிவியாவின் பொட்டோசியில், ஸ்பானியர்கள் உள்ளூர் மக்களைச் சுரங்கத்தில் இறக்கி வெள்ளி எடுத்துக்கொண்டிருந்த காலம் அது. தாதுவை அரைத்த தூசியும் உருக்கிய புகையும் காற்றில் ஏறிப் பனியில் இறங்கியிருக்கின்றன. தென்னமெரிக்காவின் காற்று தொழிற்புரட்சிக்கு இரண்டு நூற்றாண்டு முன்பே கெட்டிருந்தது என்று 2015-ல் எழுதினார்கள். ஸ்பெயின் மன்னருக்குப் போன வெள்ளிக்கு எத்தனையோ கணக்கேடுகள் உண்டு. சுரங்கத்தின் புழுதிக்குக் கணக்கு வைத்தது இந்த மலை.

நமக்கு நெருக்கமான ஏடு இன்னொன்று இருக்கிறது.

திபெத்தின் தென் எல்லையில், எண்ணாயிரம் மீட்டரைத் தாண்டிய ஷிஷாபங்மா சிகரத்தின் சரிவில் டாசுவோபு என்ற பனியாறு. 1997-ல் தாம்சனும் சீன அறிஞர் யாவ் தாண்டோங்கும் சேர்ந்து அங்கே 7,200 மீட்டர் உயரத்தில் துளையிட்டார்கள். அவ்வளவு உயரத்தில் அதற்கு முன் யாரும் பனித்தண்டு எடுத்ததில்லை. அங்கே ஒருமுறை மூச்சு இழுத்தால், கடற்கரையில் இழுக்கும் மூச்சில் பாதி ஆக்சிஜன்கூடத் தேறாது. அந்த உயரத்தில் கூடாரம் போட்டு, மலையேறிகள் கொடியை நட்டுவிட்டு உடனே இறங்கிவிடும் இடத்தில், வாரக்கணக்கில் கருவியை ஓட்டினார்கள்.

டாசுவோபுவுக்குப் பனி கொண்டுவருவது நம் தென்மேற்குப் பருவக்காற்று. பருவமழை நன்றாகப் பெய்த ஆண்டில் தூய பனி. பொய்த்த ஆண்டில், காய்ந்து கிடக்கும் இந்திய நிலத்திலிருந்து புழுதியும் உப்பும் பறந்து வந்து படிகின்றன. ஆக அந்தப் பனியாறு, தான் உட்கார்ந்திருக்கும் திபெத்தின் கதையைவிடக் கீழே தெற்கிலிருக்கும் நாட்டின் கதையைத்தான் அதிகம் எழுதிவைத்திருக்கிறது. 2000-ல் வெளியான கட்டுரையில், கடந்த ஆயிரம் ஆண்டுகளில் பல வறட்சிகள் அந்தத் தண்டில் தெரிவதாகச் சொன்னார்கள். அவை எதுவும் 1790 முதல் 1796 வரையிலான வறட்சியை விஞ்சவில்லை.

பஞ்சம் என்றால் நம் நினைவில் நிற்பது தாது வருடப் பஞ்சம், 1876 முதல் 1878 வரை. அதைப் பற்றி அரசு அறிக்கைகளும் கும்மிப் பாட்டுகளும் உண்டு. அதற்கு எண்பது ஆண்டு முந்திய இந்தப் பஞ்சத்துக்குத் தக்காணத்தில் கொடுத்த பெயரின் பொருள் மண்டையோட்டுப் பஞ்சம். புதைக்க ஆளில்லாமல் எலும்புகள் வழியெல்லாம் கிடந்ததால் வந்த பெயர். ஒரு பகுதியில் மட்டும் ஆறு லட்சம் பேர் இறந்ததாக மதிப்பிடுகிறார்கள். அந்த நாட்களில் சென்னை அரசின் ஊழியராக, கோதாவரிக் கழிமுகத்துக்கு அருகே சாமல்கோட்டையில் இருந்தார் வில்லியம் ராக்ஸ்பரோ என்ற ஸ்காட்லாந்து மருத்துவர். தாவரவியலில் பெரிய பெயர். செடிகளோடு வானிலையையும் விடாமல் குறித்து வைத்தவர். மழை ஆண்டுக்காண்டு பொய்த்ததையும் ஊர்கள் காலியானதையும் அவர் எழுதிவைத்திருக்கிறார். கோதாவரிக் கரையில் ஒருவர் மையால் எழுதியதும், ஷிஷாபங்மாவின் சரிவில் காற்று புழுதியால் எழுதியதும் இருநூறு ஆண்டு கழித்து ஒன்றையொன்று சரிபார்த்துக்கொண்டன.

அதே தண்டு இன்னொரு சங்கதியும் சொன்னது. நிலக்கரியை எரிப்பதால் வரும் நச்சு உலோகங்கள் 1780 வாக்கிலிருந்தே டாசுவோபுவில் படியத் தொடங்கியிருக்கின்றன. இந்தியாவில் அன்று புகைபோக்கி ஏது? பத்தாயிரம் கிலோமீட்டர் தாண்டி, ஐரோப்பாவின் தொழிற்புரட்சிப் புகை மேற்குக் காற்றில் வந்து இமயத்தின் தலையில் இறங்கியிருக்கிறது. மழை பொய்த்து மக்கள் மடிந்த அடுக்குக்குச் சற்றுக் கீழேதான் அந்தக் கரி இருக்கிறது. அந்தக் கரியால் அந்தப் பஞ்சம் வரவில்லை. அன்றைய வறட்சிக்குப் பசிபிக் கடலின் எல் நினோவைத்தான் கைகாட்டுகிறார்கள். ஆனாலும் இரண்டும் அடுத்தடுத்து இருப்பதைப் பார்த்துவிட்டுச் சும்மா கடந்துபோக முடியவில்லை.

பழைய பனியின் கதையில் தாம்சன் செய்த பெரிய உடைப்பு 1993-ல் பெருவின் ஹுவாஸ்கரான் மலையில் நடந்தது. கடந்த பனியூழியில், அதாவது இருபதாயிரம் ஆண்டுகளுக்கு முன்பு, ஐரோப்பாவும் வட அமெரிக்காவும் பனியில் புதைந்து கிடந்தபோதும் வெப்பமண்டலம் பெரிதாகக் குளிரவில்லை என்பது அன்று பலர் நம்பியது. கடல்தரை ஆய்வுகள் அப்படிச் சொல்லின. ஹுவாஸ்கரானில் ஆறாயிரம் மீட்டருக்கு மேலே எடுத்த தண்டின் அடியில் அந்த ஊழியின் பனியே இருந்தது. அதன்படி வெப்பமண்டல மலையுச்சிகள் இன்றைவிட 8 முதல் 12 டிகிரிவரை குளிர்ந்திருக்கின்றன. காற்றில் 200 மடங்கு புழுதி. அதாவது, பூமி மாறும்போது நடுப்பகுதி மட்டும் வேடிக்கை பார்த்துக்கொண்டு நிற்பதில்லை.

எல்லாக் கணக்கும் அவருக்குச் சரியாக வந்துவிடவில்லை. வடமேற்குத் திபெத்தில் குலியா பனிமுடியின் அடிப்பனிக்கு ஐந்து லட்சம் ஆண்டுக்கு மேல் வயது என்று 1990-களில் அறிவித்தார். பிறகு வேறொரு குழு கிரிப்டான் வாயுவை வைத்து அளந்தபோது அது ஒரு லட்சத்தைக்கூடத் தொடவில்லை. கிளிமஞ்சாரோவின் பனி 1912-க்கும் 2000-க்கும் இடையே ஐந்தில் நான்கு பங்கு போய்விட்டதை அளந்தார், அது சரி. 2015-க்கும் 2020-க்கும் இடையில் முற்றாக மறையும் என்றார். சுருங்கிப்போயும் அது இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அங்கே பனி குறைவதற்கு வெப்பத்தைவிட வறண்ட காற்றே முதற்காரணம் என்று வாதிடும் குழுவும் இருக்கிறது. தேதி குறித்துச் சொன்னதுதான் தவறு. சொன்ன தேதி வந்து போனதும், மலை இளைத்துக்கொண்டே போவதை விட்டுவிட்டு, ஆரூடம் பொய்த்ததையே பேசினார்கள்.

கெல்காயாவுக்குத் தேதி குறிக்க வேண்டிய தேவையே வரவில்லை. 2002-ல் அந்தப் பனிமுடியின் விளிம்பில், உருகி விலகிய பனிக்கு அடியிலிருந்து பச்சை மெத்தைபோல ஒரு செடி வெளியே வந்தது. வேரோடு, நின்ற இடத்திலேயே. ஆண்டீஸ் சதுப்புகளில் வளரும் சாதாரணச் செடிதான். கதிரியக்கக் கரிமத்தால் அளந்தால் வயது 5,200 ஆண்டு. செடி வேரோடு நிற்கிறதென்றால் பனி அதன்மேல் விரைவாக வந்து மூடியிருக்க வேண்டும். அன்றிலிருந்து ஒருமுறைகூட விலகியிருக்கக் கூடாது. விலகியிருந்தால் அந்தக் குளிரிலும் காற்றிலும் அது மக்கிப் போயிருக்கும். ஐரோப்பாவின் ஆல்ப்ஸ் மலையில் 1991-ல் கிடைத்த பனிமனிதன் ஓட்ஸியும் ஏறக்குறைய அதே காலத்தவன். பனி பின்வாங்கப் பின்வாங்க, 4,700 ஆண்டு, 6,300 ஆண்டு என்று மேலும் செடிகள் வந்தன. அந்த விளிம்பில் 1,600 ஆண்டுகளில் முன்னேறிய பனி 25 ஆண்டுகளில் பின்வாங்கிவிட்டது என்பது அவற்றிலிருந்து போட்ட கணக்கு. கெல்காயாவிலிருந்து இறங்கும் கோரி காலிஸ் பனியாறு 1960-களில் ஆண்டுக்கு 6 மீட்டர் பின்வாங்கியது. 1990-களுக்குப் பிறகு 60 மீட்டர்.

1974-ல் தாம்சனை மயக்கிய அந்த வரிவரியான பனிச்சுவரும் பிறகு உருகிப் போயிற்று. மேலே, துளை போட்ட உச்சியில், உருகிய நீர் கீழே கசிந்து பல அடுக்குகளின் கையெழுத்தை அழித்துவிட்டது. ஏட்டுச்சுவடி என்றால் கறையான் எந்த மூலையில் தொடங்கும் என்று சொல்ல முடியாது. பனியில் கடைசியாக எழுதிய ஏடுதான் முதலில் போகும்.

ஏறி இறங்கியதில் அவர் உடம்பும் போனது. சிறுவயதிலிருந்தே ஆஸ்துமா. பிறகு இதயம் பலவீனப்பட்டது. மருத்துவர்கள் மலை வேண்டாம் என்றார்கள், கேட்கவில்லை. 2012-ல் அவருக்கு மாற்று இதயம் பொருத்தினார்கள். 2015-ல் வேறொருவருடைய இதயத்தோடு, 67 வயதில், மறுபடி குலியாவில் ஏறினார். அவர் மனைவி எலன் மோஸ்லி தாம்சனும் பனித்தண்டு அறிஞர்தான். அவர் அண்டார்டிகாவுக்கும் கிரீன்லாந்துக்கும் குழுக்களை நடத்திப் போவார், கணவர் மலைகளுக்கு. இருவர் கொண்டுவந்ததும் ஒரே கிடங்குக்குத்தான் வந்து சேரும்.

2010-ல் இந்தோனேசியாவின் பாப்புவாவில் புஞ்சாக் ஜயா மலையில் துளையிட்டபோது வேறு மாதிரியான தடை வந்தது. அந்த மலையடிவாரப் பழங்குடியினருக்கு மலைத்தொடர் கடவுளின் உடம்பு. பனி அவர் தலை. தலையோட்டைத் துளைத்துக் கடவுளின் நினைவுகளைத் திருட வந்திருக்கிறார்கள் என்று அவர்கள் எதிர்த்தார்கள். பனியை வைத்திருந்த குளிர்பெட்டியை உடைக்கவும் முயன்றார்கள். தாம்சன் மறுக்கவில்லை. ஆமாம், நாங்கள் செய்வது அதுதான். இந்தத் தலை அழிந்துகொண்டிருக்கிறது, அழிவதற்குள் நினைவுகளை எடுத்து வைக்கிறோம் என்றார். மணிக்கணக்கில் பேச்சு நடந்தது. கடைசியில் பனியைக் கொண்டுபோக விட்டார்கள்.

அந்தப் பயணத்தில் பனியின்மேல் மழை பெய்தது. கூடாரம் போட்டிருந்த இரண்டு வாரத்துக்குள் சுற்றியிருந்த பனி ஏறக்குறைய 30 சென்டிமீட்டர் இறங்கிவிட்டது. பிறகு துளைக்குள் விட்டுவந்த அளவுகோலைப் பார்த்தபோது, ஆண்டுக்கு ஒரு மீட்டராக மெலிந்துகொண்டிருந்த பனி 2015-16 எல் நினோ மாதங்களில் ஆண்டுக்கு ஐந்து மீட்டர் வேகத்துக்குப் போயிருந்தது. 2010-ல் துளையிட்டபோதே அங்கே மொத்தத் தடிமன் முப்பது சொச்சம் மீட்டர்தான் இருந்தது.

கொலம்பஸ் நகரத்துக் கிடங்கில், பூஜ்யத்துக்குக் கீழே முப்பது டிகிரியைத் தாண்டிய குளிரில், ஏழாயிரம் மீட்டருக்கு மேல் பனித்தண்டுகள் அடுக்கப்பட்டிருக்கின்றன. கெல்காயா, ஹுவாஸ்கரான், டாசுவோபு, நைமோனாநீ, கிளிமஞ்சாரோ, பாப்புவா என்று ஒவ்வொன்றிலும் பெயர். எல்லாவற்றையும் உருக்கிப் பார்த்துவிடுவதில்லை. ஒரு பங்கை அப்படியே விட்டுவைக்கிறார்கள், இனிமேல் வரப்போகும் கருவிகளுக்காக. குலியாத் தண்டை 2015-ல் எடுத்தபோது யாரும் வைரஸைத் தேடிப் போகவில்லை. 2021-ல் அதில் 33 வைரஸ்களின் மரபுத்தடம் கிடைத்தது, 28 அதுவரை அறியாதவை. மின்சாரம் நின்றால் உடனே தாங்குவதற்குத் தனி ஜெனரேட்டர் வைத்திருக்கிறார்கள்.